செத்த காலேஜில் கேட்கும் சத்தம்

கொல்கத்தா மக்கள் தங்கள் ஊர் அருங்காட்சியகத்தை 'ஜாதுகர்' என்கிறார்கள். மாயவித்தை வீடு என்று பொருள். லாகூரில் அது 'அஜாயிப் கர்', அதிசயங்களின் வீடு. சென்னை மக்கள் வைத்த பெயர் வேறு வகை. எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் அவர்களுக்குச் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. காணும் பொங்கலுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கடற்கரையையும் இந்த இரண்டு காலேஜ்களையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பும்.

இந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது நம் வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பலரும் இருந்த ஒரு கூட்டம், பாடம் செய்த புலியையும் கற்சிலைகளையும் பார்த்துவிட்டு, இது படிக்கிற இடம் என்று முடிவு செய்திருக்கிறது. பெயருக்கு ஒரு கட்டடக் காரணமும் இருந்திருக்கலாம். 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரி இயங்கிவந்த கட்டடத்தின் மாடியில்தான். பாந்தியன் சாலைக்கு மாறியது அதற்குப் பிறகு. ஆனால் கட்டடம் மாறிய பிறகும், அந்தக் கல்லூரியே மறைந்த பிறகும், பெயர் நூறு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வாயில் நிலைத்தது. பொருந்தாத பெயர் அவ்வளவு காலம் நிற்காது.

அப்படியானால் அந்தக் காலேஜில் மக்கள் எதை, எப்படிப் படித்தார்கள்? அருங்காட்சியகங்கள் அறிவியலை மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்க்கின்றன என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். அவர் கைக்கு வந்தது சென்னை இலக்கியக் கழகம் சேர்த்துவைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கனிமங்களும் பாறைத் துண்டுகளும். நிலவியல் தெரிந்தவர்களுக்கு அது புதையல். தெருவில் போகிறவருக்கு அது கல். பால்ஃபர் உயிருள்ள ஒரு சிவிங்கிப்புலியையும் ஒரு புலியையும் அருங்காட்சியகத்தில் வைத்தார். கூட்டம் பெருகியது. அதைக் கவனித்த அவர், கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலை உருவாகி, அடுத்த ஆண்டுக்குள் அங்கே 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. பின்னர் அது மூர் மார்க்கெட் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போனது. செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பால்ஃபர் செய்ததைக் கூட்டம் சேர்க்கும் உத்தி என்று குறைத்துச் சொல்வது சரியல்ல. தன் நிறுவனத்துக்கு யார் வருகிறார்கள், எதன் முன்னால் நிற்கிறார்கள் என்று ஒருவர் நின்று பார்த்து, பார்த்ததற்கு ஏற்றபடி நிறுவனத்தை மாற்றினார். இன்று பார்வையாளர் ஆய்வு என்று ஒரு தனித்துறையே இருக்கிறது. அதன் முதல் படி இதுதான்.

அவருக்குப் பின் வந்தவர்களில் பெயர்பெற்றவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளர். திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கென்று ஆண்கள் நுழையாத தனி நாள் ஒதுக்கப்பட்டது அவர் காலத்தில். கன்னிமாரா நூலகம் 1896இல் அதே வளாகத்தில் திறக்கப்பட்டதும் அப்போதுதான். ஆனால் தன் பார்வையாளர்களைப் பற்றி அவருக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அருங்காட்சியகம் ஒரு தமாஷா வீடு, கண்ணைப் பறித்தால் போதும், எதை வைத்தாலும் எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்று எழுதினார். முறையாக வகைபிரித்து அடுக்கிய கூடங்களை மக்கள் பேசாமல் விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். மனித உருவப் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் வண்ணம் பூசிய பழ மாதிரிகளும் கலந்து கிடக்கும் இடத்தில் வெகுநேரம் நின்று சத்தம் போடுகிறார்கள் என்று அவர் பதிவுசெய்திருக்கிறார்.

இந்தக் கவனிப்பு பொன்னானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. அமைதி என்றால் படிப்பு, சத்தம் என்றால் வேடிக்கை என்று அவர் எடுத்துக்கொண்டார். நூறு ஆண்டு ஆராய்ச்சி இதற்கு நேர்மாறான பக்கம் போயிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வாய்மூடி நகர்கிற கூட்டம் பெரும்பாலும் சொல்ல ஒன்றும் கிடைக்காத கூட்டம். பலாப்பழ மாதிரியைச் சுற்றி நின்று, நம்ம ஊரில் இதைவிடப் பெரிசு என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, குழந்தை நடுவில் கேள்வி கேட்க, அங்கே நடப்பதுதான் படிப்பின் ஆரம்பம்.

தர்ஸ்டனால் அதைக் கேட்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. அவர் மக்களை அளந்துகொண்டிருந்தார், மெய்யாகவே. மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் கருவியால் அளந்து சாதிகளையும் பழங்குடிகளையும் தரம்பிரிக்கும் வேலை அருங்காட்சியகத்திலேயே நடந்தது. காவல்துறையினருக்கும் அந்த அளவைப் பயிற்சி அங்கே தரப்பட்டது. 1909இல் வெளிவந்த ஏழு தொகுதி நூல் அதன் விளைச்சல். வாசலில் நுழைகிற மனிதரையே மாதிரிப் பொருளாகப் பார்க்கும் கண்ணுக்கு, அவர் வாயிலிருந்து வரும் கேள்வி காதில் விழாது. இது ஒரு மனிதரின் குறை மட்டுமல்ல. அறிவு பெட்டிக்குள் இருக்கிறது, அறியாமை பெட்டிக்கு வெளியே நிற்கிறது என்ற எண்ணம் அந்தக் காலத்து அருங்காட்சியகங்கள் பலவற்றின் அடித்தளம்.

அந்த எண்ணத்தை அசைக்கப் பல பேர் தேவைப்பட்டார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916இல் ஒரு காரியம் செய்தார். நல்ல கண்பார்வையுள்ள, படித்த ஒருவரிடம் காட்சிப்பொருள்களைப் பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்துப் பதில் தேடச் சொன்னார். அவர் பெட்டிகளுக்கு முன்னால் குனிந்தும் மண்டியிட்டும் கழுத்தைத் திருகியும் படும் பாட்டைப் படம்பிடித்து வெளியிட்டார். பார்வையாளர் களைத்துப்போவது அவருடைய சோம்பலால் அல்ல, நாம் அடுக்கிவைத்த விதத்தால் என்று அந்தப் படங்கள் காட்டின. எழும்பூரில் தரையோடு தரையாக இருக்கும் விளக்க அட்டையைப் படிக்க ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனியும்போதெல்லாம் எனக்குக் கில்மன் நினைவுக்கு வருவார். 1920களிலும் 30களிலும் எட்வர்ட் ராபின்சன், ஆர்தர் மெல்ட்டன் என்ற உளவியலாளர்கள் கடிகாரத்தோடு பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து நேரம் குறித்தார்கள். 1990களில் பெவர்லி செரல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளில் எடுத்த கணக்கில், பெரும்பாலானவற்றில் மக்கள் செலவிட்டது 20 நிமிடத்துக்கும் குறைவு. ஆண்டுக்கணக்கில் உழைத்து அமைத்த கண்காட்சி அது. தர்ஸ்டன் பார்த்த விறுவிறு நடை சென்னைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

நேரத்தை அளப்பதோடு நின்றிருந்தால் இந்த ஆராய்ச்சி ஒரு கணக்குப்புத்தகமாகவே முடிந்திருக்கும். திருப்பம், ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980களில் பாலெட் மக்மேனஸ் பார்வையாளர்களின் பேச்சைப் பதிவுசெய்து கேட்டார். யாரும் விளக்க அட்டைகளைப் படிப்பதில்லை என்று காப்பாளர்கள் புலம்பிக்கொண்டிருந்த காலம். பதிவிலோ அட்டையின் சொற்கள் அப்படியே மக்கள் பேச்சில் எதிரொலித்தன. ஒருவர் ஓரக்கண்ணால் படித்துவிட்டு அந்தச் சொல்லைத் தன் வாக்கியத்தில் சேர்த்துக்கொள்கிறார். மற்றவர் அதற்குப் பதில் சொல்கிறார். அட்டை எழுதியவர் கண்ணுக்குத் தெரியாமல் அந்த உரையாடலில் கலந்துகொள்கிறார்.

தமிழில் அட்டை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். நம் அட்டைகளில் பெரும்பாலானவை யாரும் யாரிடமும் பேசாத தமிழில் இருக்கின்றன. உயிரினத்தின் லத்தீன் பெயர், குடும்பம், வரிசை, கிடைத்த இடம். மனைவியிடமோ மகனிடமோ திரும்பிச் சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை. 'இதன் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள், ஏன் வெளுத்திருக்கிறது?' என்று ஒரு வரி இருந்தால், அந்தக் கேள்வி பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும்.

சத்தத்தை அடித்தளமாகவே வைத்துக் கட்டிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம். அதைத் தொடங்கிய ஃபிராங்க் ஒப்பன்ஹைமர், அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ராபர்ட்டின் தம்பி. அவரும் இயற்பியலாளர், அதே திட்டத்தில் வேலை செய்தவர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949இல் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. மினசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. எந்தப் பல்கலைக்கழகமும் சேர்க்காத நிலையில், கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்துப் பல ஆண்டுகள் கழித்தார். 1957இல் அங்கிருந்த ஒரு சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி அவரை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்கூடம்தான் அவரை மாற்றியது என்று நான் நினைக்கிறேன். பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது, மாணவர்கள் நினைத்த நேரத்தில் வந்து தாமே இயக்கிப் பார்க்கும்படி சோதனைகளை ஒரு நூலகம்போல் அடுக்கிவைத்தார். 1965இல் ஐரோப்பா போனவர், ஆஸ்கர் ஃபான் மில்லர் 1903இல் நிறுவிய மியூனிக் அருங்காட்சியகத்தையும், அறிஞர்கள் மக்கள் முன் சோதனைகளைச் செய்துகாட்டும் பாரிஸின் பலே தெ லா தெகூவெர்த்தையும் பார்த்தார். 1969 இலையுதிர் காலத்தில், 1915ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஒரு பெரிய மண்டபத்தின் கதவைத் திறந்துவைத்தார்.

உள்ளே வகைப்படுத்திய சேகரிப்பு எதுவும் இல்லை. ஒளி, ஒலி, கண், காது, சுழற்சி என்று மேசை மேசையாகச் சோதனைகள். கண்ணாடியைத் திருப்பலாம், நிழலைக் கூறுபோடலாம், இளம் ஊழியர் ஒருவர் மாட்டுக்கண்ணை அறுத்து வில்லையை எடுத்துக் காட்டுவதைப் பார்க்கலாம். 1971இல் முழு இருட்டில் தவழ்ந்து கையால் தடவியே வழி கண்டுபிடிக்கும் கூண்டு ஒன்றும் சேர்ந்தது. அங்கே எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு பட்டறை. காட்சிப்பொருள்களைச் செய்வதும் பழுதுபார்ப்பதும் மக்கள் கண்முன்னே, கூடத்திலேயே நடந்தது. வாசலில் நுழைந்ததும் தெரிந்தது பற்றவைப்பும் கடைசல் இயந்திரமும். அறிவியல் என்பது முடிந்துபோன விடைகளின் அடுக்கல்ல, ஆட்கள் கைவைத்துச் செய்யும் வேலை என்பதை எந்த அட்டையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

விளக்கம் சொல்ல ஒப்பன்ஹைமர் முனைவர்களைத் தேடவில்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். வகுப்பில் முதலாக வருகிறவர்களாகப் பார்த்தும் பொறுக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, வாங்க சேர்ந்து பார்ப்போம் என்று கூப்பிடும் வயது அது. அருங்காட்சியகத்தில் யாரும் பரீட்சையில் தோற்பதில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லிவந்த கருத்து. தங்கள் காட்சிப்பொருள்களைச் செய்யும் முறைகளைச் சமையல் குறிப்புகள்போல் தொகுத்து நூல்களாகவும் வெளியிட்டார்கள். உலகில் யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். 1985இல் அவர் இறப்பதற்குள் இந்த வகை அருங்காட்சியகம் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

அங்கேயும் கேள்விகள் எழாமல் இல்லை. பொத்தானை அழுத்தி, மின்னியதும் அடுத்ததற்கு ஓடும் பிள்ளை என்ன கற்கிறது? இதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் சூ ஆலன். எக்ஸ்புளோரடோரியத்தின் தவளைக் கண்காட்சிக்கு வந்த இணைகளிடம் ஒலிவாங்கி கொடுத்து, அவர்கள் பேசியது முழுவதையும் பதிவுசெய்தார். பேச்சில் நீண்ட விளக்கங்கள் குறைவு. 'இதோ இங்கே இருக்கு', 'அய்யோ, எவ்வளவு அழகு', 'நம்ம கிணத்துல இருந்தது மாதிரி' என்ற வகைப் பேச்சே அதிகம். ஆலன் அதை அரட்டை என்று தள்ளவில்லை. சுட்டிக்காட்டுவது, பெயர் சொல்வது, வியப்பது, தன் அனுபவத்தோடு இணைப்பது எல்லாமே கற்றலின் வடிவங்கள் என்று வகைப்படுத்தினார். ஒரு நூற்றாண்டுக்கு முன் தர்ஸ்டன் தள்ளிவிட்ட அதே சத்தம் அது.

ஆனால் அந்தச் சத்தத்தில் யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். 2001இல் கெவின் க்ரவ்லியும் உடன் ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பதிவுசெய்த காட்சிகளை ஆராய்ந்தார்கள். பெற்றோர் மகன்களிடமும் மகள்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவு பேசினார்கள். எப்படி இயக்குவது, என்ன தெரிகிறது என்று இருவருக்கும் சொன்னார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கம் மட்டும் மகளுக்குக் கிடைத்ததைப்போல் மூன்று மடங்கு மகனுக்குக் கிடைத்தது. தாய்மார்களும் விலக்கல்ல. அந்தப் பெற்றோரில் யாரும் மகளை ஒதுக்க வேண்டும் என்று எண்ணி வந்தவர்கள் அல்லர். அருங்காட்சியகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டுப் பழக்கம் கூடவே நுழைந்துவிடுகிறது. அதை மாற்ற ஒரு மூன்றாவது ஆள், மகளைப் பார்த்து 'ஏன்னு நினைக்கிறே?' என்று கேட்கிற ஆள், அங்கே நிற்க வேண்டும்.

இந்தியாவில் இந்த முயற்சி சிறியதல்ல. கொல்கத்தாவில் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் திறந்தது. 1965இல் அது பேருந்தில் காட்சிப்பொருள்களை ஏற்றிக்கொண்டு மேற்கு வங்கக் கிராமப் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியது. வர முடியாதவரிடம் தானே போவது என்ற இந்த எண்ணத்தை நம் நாட்டு அறிவியல் அருங்காட்சியக இயக்கத்தின் மிகச் சிறந்த பங்களிப்பாக நான் கருதுகிறேன். 1978இல் தேசிய அறிவியல் அருங்காட்சியக மன்றம் உருவாயிற்று. அதன் மாவட்ட மையங்களில் ஒன்று 1987இல் திருநெல்வேலிக்கு வந்தது. சென்னை கோட்டூர்புரத்தில் மாநில அரசின் பெரியார் அறிவியல் மையமும் 1988இல் பிர்லா கோளரங்கமும் திறந்தன. ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கோளின் வளையத்தை முதலில் பார்த்தது அந்தக் குவிமாடத்தின் கீழ்தான்.

இருந்தும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் போன ஓர் அறிவியல் மையத்தில், ஒரு கூடத்தில் மட்டும் ஏழெட்டுப் பொருள்கள்மேல் 'பழுது' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் வரிசையாக வந்து, அசையாத நெம்புகோலை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஆசிரியர் கைதட்டி வரிசையை முடுக்கினார். கூடத்தில் இருந்த ஊழியர் ஒரே ஒருவர்; அவர் வேலை, தொடாதீங்க என்பது. பொருள்களுக்கு வந்த பணம் ஆட்களுக்கு வரவில்லை. கட்டடம் திறக்க விழா உண்டு. விளக்கம் சொல்ல நாலு பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதற்கு விழா எடுப்பாரில்லை. பல ஆண்டுகள் ஒரே கூடத்தில் நிற்கும் அந்தக் காவல் ஊழியருக்கு, மக்கள் எங்கே நிற்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பது எந்த ஆய்வாளரைவிடவும் நன்றாகத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரை விளக்குநராக வளர்த்தெடுப்பது பெரிய செலவும் அல்ல.

செத்த காலேஜில் ஒரு காணும் பொங்கல் மாலை. திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரு பாட்டி தன் பேத்தியைத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டு எலும்பைக் காட்டினார். "இங்க பாருடி, அதுக்கும் விரல் இருக்கு." பேத்தி தன் கையை விரித்துப் பார்த்தாள். "அப்ப அது மீனு இல்லையா பாட்டி?" பாட்டி கொஞ்சம் யோசித்தார். "மீனுக்கு ஏதுடி விரலு?"

துடுப்பாகத் தெரிவதற்குள் கைவிரல் இருக்கிறது, ஆகவே அது மீன் அல்ல. உடற்கூறு ஒப்பாய்வின் மையமான வாதம் இது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. எலும்பு கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. கூட ஒரு பாட்டி இருந்தார். சத்தம் போடாதே என்று அதட்ட யாரும் இல்லை.

அதே வளாகத்தில் இன்னொரு சேகரிப்பு பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். கற்கால மனிதர் செய்த கருவி அது. இந்தியாவில் மனித வரலாறு எவ்வளவு ஆழம் போகிறது என்ற கேள்வி அந்தக் கல்லோடு தொடங்கியது. சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே சாந்தி பப்புவும் உடன் ஆய்வாளர்களும் செய்த அகழாய்வு, அந்தக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் காட்டியது. ஃபூட்டின் பெரும் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் அவை வரிசையாக இருக்கின்றன. கடந்துபோகிறவர்கள் கண்ணுக்கு அவை கல். பல்லாவரம் குழியில் வேலை செய்தவர்களுக்கும் அவை கல்லாகத்தான் இருந்தன. ஐரோப்பாவில் அப்போதுதான் உறுதிப்பட்டிருந்த கண்டுபிடிப்புகளைப் படித்திருந்ததால் ஃபூட்டின் கண் அதில் நின்றது.

அந்தக் கண்ணை ஒரு குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? சென்னையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் அத்திரம்பாக்கத்தின் வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்துச்செல்கிறது. வேறொரு பள்ளியில், ஆசிரியர் ஒருவர் தானாக நடத்திய வகுப்பில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கைக்கோடரியின் மாதிரி ஒன்று பிள்ளைகள் கையில் சுற்றிவந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அதை வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தாள். "உடைஞ்ச கல்லு சார்." ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி எடுத்தாள். விளிம்பைத் தடவினாள். ஒரு பக்கம் சில்லு போன இடமும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சில்லு போன இடமும் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டன. உள்ளங்கையில் அடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"இல்ல சார்," என்றாள். "உடைச்ச கல்லு."

அதற்குள் பின்வரிசை எழுந்து வந்துவிட்டது. எங்க, எனக்குக் குடு, எனக்குக் காட்டு என்று வகுப்பு முழுவதும் ஒரே சத்தம்.